எரிந்தும் சாகாத பைன் காடு

மேகத்துக்கு மேலிருந்து கடற்கரை வரை ஒரு நாள் இறக்கம்

மலை ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்பது மலையைத் தூரத்தில் நின்று பார்ப்பவர்களின் அபிப்பிராயம். முழங்காலைக் கேட்டால் அது வேறு விதமாகச் சொல்லும். அதிலும், காலையில் 2,426 மீட்டர் உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில், குளிரில் பல் கிட்ட நின்றவன், அன்று மாலையே அலையில் காலை நனைக்க வேண்டும் என்றால் முழங்கால் என்ன பாடு படும்! நடுவில் ரயில் கிடையாது, கம்பி வண்டி கிடையாது. சுமார் 18 கிலோமீட்டர் தூரம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்படியொரு வழி லா பால்மா என்ற தீவில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில் சிதறிக் கிடக்கும் கானரித் தீவுகளில் அது ஒன்று. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தது. விஸ்தீரணம் 708 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 80,000-க்குச் சற்று மேல். கானரி என்றதும் மஞ்சள் நிறப் பாட்டுக் குருவி நினைவுக்கு வரும். ஆனால் தீவுகளுக்குக் குருவியால் பெயர் வரவில்லை. தீவுகளால்தான் குருவிக்குப் பெயர் வந்தது. லத்தீன் மொழியில் 'கானிஸ்' என்றால் நாய். அந்தச் சொல்லிலிருந்தே தீவுகளின் பெயர் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

லா பால்மா என்றால் பனை என்று பொருள். ஆனால் பனையின் பெயரைத் தாங்கிய அந்தத் தீவின் மலைகளை ஆளுவது பைன் மரமே. அந்த மரத்தின் கதையும், எரிமலையின் மேல் வாழத் துணிந்த ஜனங்களின் கதையும், இந்த இறக்கப் பாதையில் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

பையன்கள் பாறை

தீவின் உச்சிக்கு 'ரோக்கே தே லோஸ் முச்சாச்சோஸ்' என்று பெயர். பையன்கள் பாறை என்று தமிழில் சொல்லலாம். சில பையன்கள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பது போல் அங்கே பாறைகள் நிற்கின்றன. உச்சி வரை மோட்டார் சாலை போட்டிருப்பதால், நடப்பவர்கள் விடியற்காலையில் காரில் ஏறி அங்கே வந்து இறங்கிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே பனி உறைந்து கிடப்பதும் உண்டு.

உச்சியில் முதலில் கண்ணில் படுபவை வெள்ளை வெளேரென்ற கோபுரங்கள். எல்லாம் வானத்தை ஆராயும் தொலைநோக்கி நிலையங்கள். 1985-ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சிக் கூடம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 2009-இல் திறக்கப்பட்ட கானரிப் பெருந்தொலைநோக்கியின் கண்ணாடி 10.4 மீட்டர் அகலம். உலகத்தின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பூமியில் இருட்டு வேண்டும் அல்லவா? அதற்காக 1988-இல் ஸ்பெயின் ஒரு சட்டமே செய்தது. தீவின் தெரு விளக்குகள் வானத்தை நோக்கி ஒளி வீசக் கூடாது. கீழே ஊர்கள் மங்கலான விளக்கில் வாழ்கின்றன. மேலே விஞ்ஞானிகள் கோடி மைல்களுக்கு அப்பால் இருப்பதைப் பார்க்கிறார்கள்.

கோபுரங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், காலடியில் பூமி இல்லை. செங்குத்தாக விழுந்து கிடக்கிறது ஒரு மாபெரும் பள்ளம். அதற்கு 'கல்தேரா தே தபுரியந்தே' என்று பெயர். கல்தேரா என்றால் கொப்பரை. உண்மையிலேயே, ராட்சசன் ஒருவன் காய்ச்சி இறக்கி வைத்த கொப்பரை போலத்தான் இருக்கிறது. 1815-இல் இந்தத் தீவுக்கு வந்த லியோபோல்டு ஃபான் புக் என்ற ஜெர்மன் பூகர்ப்ப அறிஞர் எழுதியதன் மூலமாகவே, எரிமலைப் பள்ளங்களைக் குறிக்கும் சொல்லாகக் கல்தேரா என்பது விஞ்ஞானத்தில் நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விஞ்ஞானத்துக்குப் பெயர் கொடுத்த இந்தக் கொப்பரை, எரிமலை வெடித்ததனால் உண்டான பள்ளமே அல்ல. பழைய எரிமலை ஒன்றின் பாரம் தாங்காமல் அதன் ஒரு பக்கம் லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு சமுத்திரத்தில் சரிந்து விழுந்தது. பிறகு மழையும் ஓடைகளும் அரித்து அரித்து இந்த ஆழத்தைத் தோண்டின. 1954-இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பள்ளத்தின் விளிம்பில் காற்றோடு விளையாடிக்கொண்டிருக்கும் கறுப்புப் பறவைகளைப் பார்த்துக் காகம் என்று நினைத்துவிடக் கூடாது. அலகும் காலும் பவளம் போல் சிவந்திருக்கும். கானரித் தீவுகளிலேயே இந்தப் பறவை வாழ்வது லா பால்மாவில் மட்டுமே. தீவின் சின்னமும் அதுதான்.

முழங்காலின் முறையீடு

பாதை கொப்பரையின் விளிம்பை ஒட்டியே தென்மேற்காகச் செல்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகக் கல்லில் தீட்டிய கோடுகள் வழி காட்டுகின்றன. முதல் இரண்டு மணி நேரம் மரமே கிடையாது. கொதேசோ என்ற புதர் மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் அது பூத்தால் மலை முழுவதும் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருக்கும். தண்ணீர் எங்கும் கிடையாது. வேண்டியதைத் தூக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

இறக்கம் என்று பெயரே தவிர, தொடக்கத்தில் சின்னச் சின்ன ஏற்றங்களும் குறுக்கிடுகின்றன. அவற்றைத் தாண்டிய பிறகுதான் மலை நிஜமாகவே சரிய ஆரம்பிக்கிறது. அனுபவசாலிகள் இங்கே செருப்புக்காரர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள். கட்டை இறுக்கிய பூட்ஸ் இல்லாவிட்டால், ஒவ்வொரு அடியிலும் கால் விரல் முன்னால் போய் இடிக்கும். ஊர் போய்ச் சேருமுன் நகம் கறுத்துவிடும். நீளமாக எட்டு வைக்கக் கூடாது. முழங்காலைச் சற்றே மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்காது, இருதயம் அடித்துக்கொள்ளாது. ஆகையால் களைப்பும் தெரியாது. ஆனால் தசை நார்கள் நுண்ணிய அளவில் சேதப்படுகின்றன. வலி அன்றைக்கு வருவதில்லை. மறு நாளும் அதற்கு மறு நாளும், மாடிப்படியில் இறங்கும்போது வந்து கணக்குத் தீர்க்கும்.

பழங்காலத்து ஆட்டு இடையர்கள் இந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஆளை விட நீளமான ஒரு கழி. நுனியில் இரும்புப் பூண். செங்குத்தான இடம் வந்தால் கழியைக் கீழே ஊன்றி, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்து வழுக்கி இறங்கிவிடுவார்கள். 'இடையன் பாய்ச்சல்' என்று ஸ்பானிய மொழியில் இதற்குப் பெயர். இன்று ஆடு மேய்ப்பவர்கள் குறைந்துவிட்டாலும், இளைஞர்கள் அதை ஒரு விளையாட்டாகப் பழகுகிறார்கள். தோல் பையில் கொஞ்சம் 'கோஃபியோ', அதாவது வறுத்து அரைத்த தானிய மாவு, ஒரு துண்டு ஆட்டுப் பாலாடைக் கட்டி: அவ்வளவுதான் அந்த இடையனின் கட்டுச் சோறு.

நடப்பவர்கள் ஏழெட்டு மணி நேரத்தில் இறங்கும் இந்தச் சரிவில் ஓடியே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2009 முதல் நடந்துவரும் 'டிரான்ஸ்வுல்கானியா' ஓட்டப் பந்தயம், தெற்குக் கோடியில் கலங்கரை விளக்கத்தடியில் தொடங்கி, சுமார் 74 கிலோமீட்டர் மலை முதுகிலேயே செல்கிறது. உச்சியைத் தொட்டுவிட்டு, கடல் வரை இந்த வழியாகத்தான் பாய்ந்து இறங்குகிறது.

மூன்று ஊசி மரம்

சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியதும் முதல் பைன் மரங்கள் எதிர்ப்படுகின்றன. முதலில் காற்றில் முறுக்கிக்கொண்ட குட்டை மரங்கள். பிறகு போகப் போக நெடுமரங்கள். நல்ல இடத்தில் 30, 40 மீட்டர் கூட வளரும். காலடிச் சத்தம் திடீரென்று அடங்கிவிடுகிறது. உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தை போல் தரையை மூடியிருக்கின்றன. வெயில் பட்டதும் பிசின் வாசனை கிளம்புகிறது.

மெத்தை என்று ஏமாந்துவிடக் கூடாது. உலர்ந்த பைன் ஊசிக்கு அடியில் உருண்டைக் கற்கள் ஒளிந்திருக்கும். எண்ணெய் தடவிய தரை போல் வழுக்கும். இந்தப் பாதையில் விழுபவர்களில் பலர் பாறையில் விழுவதில்லை. இந்த மெத்தையில்தான் விழுகிறார்கள்.

ஓர் ஊசிக் கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்று மூன்று ஊசியாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளமாவது இருக்கும். கானரிப் பைனின் அடையாளம் இது. அதன் மிக நெருங்கிய உறவு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் இமயமலைச் சரிவுகளில்! அங்கே வளரும் சிர் பைன் மரத்துக்கும் மூன்று ஊசிதான். ஒரு காலத்தில் இதன் மூதாதைகள் தென் ஐரோப்பாவிலும் வளர்ந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. அங்கே அந்த இனம் அழிந்துபோயிற்று. ஒரு கிளை கானரித் தீவுகளிலும், அதன் உடன்பிறப்பு இமயத்திலுமாக, உலகத்தின் இரண்டு ஓரங்களில் தங்கிவிட்டன.

எரிந்த பின் துளிர்ப்பது

காட்டின் நடுவே நடந்துவருகிறவர் சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனிக்கிறார். அடிமரங்களெல்லாம் கரி பிடித்துக் கறுத்திருக்கின்றன. மேலே பார்த்தால் பச்சைப் பசேலென்று இலை. எரிந்த மரமா, உயிருள்ள மரமா என்ற சந்தேகமே வந்துவிடுகிறது.

இரண்டும்தான். பெரும்பாலான பைன் இனங்கள், நெருப்பில் இலை முழுவதையும் இழந்தால் செத்துப்போகும். கானரிப் பைன் சாகாது. அதன் பட்டை அடுக்கடுக்காக, மிகவும் தடித்தது. அந்தப் பட்டைக்கு உள்ளே உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. இலையெல்லாம் கருகி, கிளையெல்லாம் கரியான பிறகு, சில மாதங்களில் அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பச்சைத் துளிர் வெடித்துக் கிளம்புகிறது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டதுபோல் மரம் முழுவதும் தளிர் மூடிக்கொள்கிறது. சில காய்கள் நெருப்புச் சூடு பட்டால்தான் திறந்து விதையைச் சிந்தும். எரிமலைகளுக்கு நடுவில் லட்சக்கணக்கான வருஷங்கள் குடித்தனம் நடத்தி அந்த மரம் கற்றுக்கொண்ட பாடம் இது.

மரம் பிழைத்துக்கொள்ளும், மனிதன் பிழைப்பானா? 2016 ஆகஸ்டில், தீவின் காட்டில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு இளைஞர், காலைக்கடன் கழித்த பிறகு துடைத்த காகிதத்தைக் கொளுத்தினார். குப்பை போடாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம்! அந்தத் தீ காட்டில் பரவி ஆயிரக்கணக்கான ஹெக்டேரை எரித்தது. அணைக்கப் போன வனக் காவலர் ஒருவர் உயிரை இழந்தார். 2023 ஜூலை 15-ஆம் தேதி, இந்தப் பாதைக்கு வடமேற்கே புந்தகோர்தாவில் கிளம்பிய இன்னொரு தீ, திஹாராஃபே வட்டாரத்துக்கும் பரவியது. 4,000 பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது.

பாதையில் 1,160 மீட்டர் உயரத்தில் ஒரு காவல் கோபுரம் நிற்கிறது. காட்டில் புகை கிளம்புகிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டியது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் பெரும்பாலோர் பகல் சாப்பாட்டை அவிழ்க்கிறார்கள்.

மேகத்தைக் கறக்கும் இலை

அந்த உயரத்திலிருந்து கிழக்கே பார்த்தால் ஒரு விந்தைக் காட்சி கிடைக்கும். தீவின் நடுமுதுகின் மேல் வெள்ளை மேகம் நீர்வீழ்ச்சி போல் வழிந்து விழுந்துகொண்டிருக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று சமுத்திரத்து ஈரத்தை மலைமேல் தள்ளிக்கொண்டு வருகிறது. மலையைத் தாண்டி மேற்கே இறங்கியதும் அந்த மேகம் சூட்டில் கரைந்து மறைந்துவிடுகிறது.

மழை பெய்யாத நாளிலும் மேகம் தவழும் சரிவுகளில் மரத்தடி நனைந்திருக்கும். நீண்ட ஊசி இலைகள் மூடுபனியைச் சீப்பு போல் வாரி எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விடுகின்றன. அந்தச் சொட்டு எரிமலைக் கல்லுக்குள் இறங்கி, ஊற்றாகவும் சுரங்க நீராகவும் வெளியே வருகிறது. தீவின் வாழைத் தோட்டங்களுக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் போகும் தண்ணீரில் அந்தச் சொட்டுகளுக்கும் பங்கு உண்டு. பைன் காடு போனால் தண்ணீரும் போய்விடும் என்பதைத் தீவில் படிக்காத விவசாயியும் அறிவார்.

அந்த விவசாயியின் பாட்டனாருக்கு இந்த மரம் வேறு பல விதத்திலும் சோறு போட்டது. கிழ மரத்தின் வைரம் சிவந்து, பிசின் ஊறி, கல் போல் இருக்கும். அதற்குத் 'தேயா' என்று பெயர். கறையான் அரிக்காது; மழையில் மக்காது. தலைநகரான சாந்தா குரூஸ் நகரத்துப் பழைய வீடுகளின் அழகிய மர உப்பரிகைகள் தேயாவால் ஆனவை. ஏழை வீட்டில் அதுவே தீவட்டி. சூளையிட்டு இறக்கிய கீல், கப்பல்களின் இடுக்குகளை அடைக்கப் போயிற்று. உதிர்ந்த ஊசிகள் மாட்டுக் கொட்டிலில் படுக்கையாகி, பிறகு எருவாகி வயலுக்குப் போயின. வாழைத் தாருக்கு அடிபடாமல் சுற்றவும் அவை பயன்பட்டன. பதினாறாம் நூற்றாண்டில் கீழே ஆர்குவாலிலும் தசகோர்த்தேயிலும் கரும்பு ஆலைகள் எழுந்தபோது, அவற்றின் அடுப்புக்காக எத்தனையோ மரங்கள் விழுந்தன. இன்று அந்தக் காடு சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

பட்டினி கிடந்து இறந்த தலைவன்

கோபுரத்துக்குக் கீழே பைன் மரங்கள் கலையத் தொடங்குகின்றன. வாதுமை மரங்களும், கல் வரப்புகளும், தனி வீடுகளும் தலைகாட்டுகின்றன. இடது பக்கத்தில் மட்டும் அந்தப் பள்ளம் விடாமல் கூடவே வருகிறது. கொப்பரையின் தண்ணீர் வெளியேறும் அந்த ஒரே வாய்க்கு 'வேதனைகளின் ஓடை' என்று பெயர்.

1492 செப்டம்பர் 29-ஆம் தேதி, அலோன்சோ பெர்னாந்தெஸ் தே லூகோ என்ற ஸ்பானியத் தளபதி கீழே தசகோர்த்தேக் கரையில் படையோடு வந்து இறங்கினான். கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளைத் தொடுவதற்குச் சுமார் இரண்டு வாரம் முந்திய கதை இது. தீவின் ஆதிக்குடிகள் பல சிறு நாடுகளாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பணிந்தது. கொப்பரைக்குள் இருந்த நாடு மட்டும் பணியவில்லை. அதன் தலைவன் பெயர் தனௌசு. உள்ளே போக இருந்தவை இடுக்கமான வழிகள். அவற்றில் புகுந்த படை திரும்பித்தான் வர வேண்டியிருந்தது.

பலத்தால் முடியாததை லூகோ வஞ்சகத்தால் முடித்தான் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சமாதானம் பேசலாம் என்று அழைப்பு அனுப்பி, 1493-இல் தனௌசுவை வெளியே வரவழைத்துச் சிறைப் பிடித்தான். கப்பலில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பினான். தீவின் மலைகள் கண்ணிலிருந்து மறைந்ததும் தனௌசு உணவைத் தொட மறுத்தான். வழியிலேயே உயிரை விட்டான். 'வாகாகுவாரே', சாக விரும்புகிறேன், என்பதே அவன் வாயிலிருந்து வந்த சொல் என்று சொல்லப்படுகிறது. அந்த மொழியில் இன்று மிஞ்சியிருப்பவை ஊர்ப் பெயர்களும் சில சொற்களும்தான். அவர்கள் பாறைகளில் செதுக்கிவிட்டுப் போன சுருள் சுருளான கோலங்களை உச்சிக்கு அருகிலேயே இன்றும் பார்க்கலாம்.

எல் தீமேயின் விளிம்பில்

பாதை கடைசியாக எல் தீமே என்ற இடத்துக்கு வருகிறது. கடலுக்கு மேலே 500 மீட்டருக்கு அதிகமான உயரத்தில், மலை சட்டென்று வெட்டுண்டு நிற்கும் விளிம்பு. ஓர் உணவு விடுதி இருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், அரிதானே பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். வாழைத் தோட்டங்கள், வெள்ளை வீடுகள், நீலக் கடல். நடுவே, மலையிலிருந்து கடல் வரை, யாரோ மையைக் கொட்டிவிட்டதுபோல் ஓர் அகன்ற கறுப்புப் பட்டை.

2021 செப்டம்பர் 19-ஆம் தேதி பிற்பகலில், எதிரே தெரியும் பைன் காட்டுச் சரிவு வெடித்துத் திறந்தது. 1949-இலும் 1971-இலும் தீவில் எரிமலை கக்கியது உண்டு. ஆனால் ஊருக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு நாள் கக்கியதை அங்கே உயிரோடு இருந்த எவரும் பார்த்ததில்லை. டிசம்பர் 13 வரை, 85 நாள் அது ஓயவில்லை. சுமார் 7,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். சாமான் எடுக்கப் பலருக்குக் கிடைத்தது சில நிமிஷங்களே. எதை எடுப்பது? கல்யாணப் படத்தையா, பத்திரத்தையா, கட்டிலையா? கதவையும் ஜன்னலையும் கழற்றி வண்டியில் ஏற்றியவர்களும் உண்டு.

தோதோக்கே என்ற ஊர் அப்படியே மறைந்துபோயிற்று. செப்டம்பர் 26-ஆம் தேதி அதன் மாதா கோவில் மணிக்கூண்டு சாய்ந்து விழுவதை உலகமே படத்தில் பார்த்தது. 28-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி நெருப்புக் குழம்பு கடலைத் தொட்டது. முடிவில் 1,200 ஹெக்டேருக்கு மேற்பட்ட பூமி மூடப்பட்டது. 1,600-க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. அவற்றில் பெரும்பாலானவை குடியிருப்பு வீடுகள். அந்த எண்பத்தைந்து நாளும் இந்த எல் தீமே விளிம்பில் ஜனங்கள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவில் சிவப்பாக ஊர்ந்து வரும் அந்த ஆறு இன்று யார் வீட்டை எட்டியது என்று கணக்குப் பார்த்தார்கள்.

கக்கல் நின்ற பிறகும் துன்பம் நிற்கவில்லை. கடலோரத்துப் புவேர்த்தோ நாவோஸ் ஊரில் ஒரு வீடு கூட எரியவில்லை. ஆனால் பூமியிலிருந்து கசிந்த கரியமில வாயு வீடுகளின் கீழ்த்தளங்களில் தேங்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்த எதிரிக்குப் பயந்து ஊர் நீண்ட காலம் பூட்டிக் கிடந்தது. வீடு முழுசாக இருந்தும் வீட்டுக்குப் போக முடியாத நிலை!

எரிமலையை ஒட்டி நின்ற பைன் மரங்கள் சாம்பலில் புதைந்து, நச்சுக் காற்றில் வெந்து பழுத்துப்போயிருந்தன. செத்த காடு என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். 2022-இல் அவற்றில் பலவற்றின் கரிய அடிமரங்களிலிருந்து பச்சைத் துளிர் எட்டிப் பார்த்தது.

கறுப்பு மணல்

எல் தீமேயிலிருந்து மீதி இறக்கம் மலையின் நேர் முகத்திலேயே செல்கிறது. கல் பாவிய பழைய பாதை, பாம்பு போல் வளைந்து வளைந்து இறங்குகிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் மூட்டை சுமந்தவர்களும் கோவேறு கழுதைகளும் தேய்த்த கற்கள் வழவழவென்று மின்னுகின்றன. இங்கேதான் முழங்கால் கடைசியாக ஒருமுறை முறையிடுகிறது. காலையில் போட்டிருந்த கம்பளிச் சட்டை இப்போது இடுப்பில் தொங்குகிறது. உச்சிக்கும் கரைக்கும் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

கீழே தசகோர்த்தேத் துறைமுகம். மீன் பொரிக்கும் வாசனை, குழந்தைகளின் கூச்சல், கறுப்பு மணல். மலையின் கல்லே தேய்ந்து மணலாகியிருக்கிறது. பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு அலையில் காலை வைப்பவர்கள் முகத்தில் வரும் சுகத்தை எழுதிக் காட்ட முடியாது.

துறைமுகத்துக்குத் தெற்கே கடற்கரையோடு பார்வையை ஓட்டினால் ஒரு விஷயம் புரியும். 1949-இல் நெருப்புக் குழம்பு கடலுக்குள் புகுந்து ஒரு புது நிலத்தை உண்டாக்கியது. வெறும் கருங்கல் தரை, புல் முளைக்காது. அந்தத் தீவு விவசாயிகள் மலை மேலிருந்து மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து அதன் மேல் கொட்டினார்கள். நிரவினார்கள். சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் கொண்டுவந்தார்கள். கல்லின் மேல் வாழை குலை தள்ளியது. 2021-இல் வந்த குழம்பு அந்தக் கடலோரத்து வாழைத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. தீவில் 200 ஹெக்டேருக்கு மேற்பட்ட வாழை கல்லுக்கு அடியில் போயிற்று.

புதிய கல்லின் மேல் மறுபடி வீடு கட்டலாமா, மறுபடி மண் கொட்டி வாழை வைக்கலாமா, அல்லது எரிமலைக்கே அந்த இடத்தை விட்டுவிடலாமா என்று தீவில் வாதம் எழுந்தது. வாதம் ஒரு பக்கம் நடக்க, அடியில் சூடு ஆறாத குழம்பின் மேலேயே சாலை போட்டுப் பிரிந்துபோன ஊர்களை இணைத்தார்கள். தோட்டத்துக்காரர்களில் சிலர், தங்கள் நிலம் எந்த இடத்தில், எத்தனை மீட்டர் கல்லுக்கு அடியில் இருக்கிறது என்று அளந்து குறித்து வைத்திருக்கிறார்கள்.

மாலையில் சூரியன் கடலில் இறங்கும் நேரம். காலையில் நின்ற உச்சி இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே பைன் காடு கருநீலமாகத் தெரிகிறது. கரி பிடித்த மரங்கள் எவை, துளிர்த்த மரங்கள் எவை என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. வாழை லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைந்த சாலையில் மலை ஏறிப் போகிறது.